பிளேஸ்மென்ட் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்பாடு செய்யும் பிளேஸ்மென்ட் பொறுப்புக்கு ஜூன் மாத ஊழியர் கூட்டத்தில் முதல்வர் உங்கள் பெயரைச் சொல்வார். அடுத்த நாள் ஒரு பீரோ சாவியும், நாலைந்து பைல்களும், போன ஆண்டில் வேலை பெற்றவர்களின் விழுக்காடு அச்சிட்ட ஒரு பேனரும் கைக்கு வரும். வகுப்புச் சுமையில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. நான் வணிகவியல் ஆசிரியர். எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சாவியை வாங்கியபோது எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாமக்கல், கரூர், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரி அனுபவம் இது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பிளேஸ்மென்ட் என்பது வேலை கிடைத்ததா என்ற கேள்வி. எம்ப்ளாயபிலிட்டி, அதாவது பணித்தகுதி, என்பது ஒரு வேலையைப் பெறவும், அதில் நிலைக்கவும், தேவைப்பட்டால் அதை விட்டு வேறொன்றுக்குப் போகவும் ஒருவரிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி. பிரிட்டனில் இதைப் பற்றி நிறைய எழுதிய மான்ட்ஸ் யார்க் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்தினார். ஊரில் ஒரு தொழிற்சாலை மூடினால் வேலை விழுக்காடு சரியும். மாணவர்களின் தகுதி அதனால் குறைந்துவிடாது. பெரிய நிறுவனம் ஒன்று நூறு பேரை மொத்தமாக அள்ளிப் போனாலும் அப்படித்தான், உங்கள் கல்லூரி நன்றாகப் பயிற்றுவித்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் வேலை இரண்டையும் பார்ப்பது, ஆனால் தனித்தனியாகப் பார்ப்பது.

முதல் மாதம்: பழைய கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

பேனரில் உள்ள 90 விழுக்காடு எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒரு உதாரணக் கணக்கு சொல்கிறேன். ஒரு துறையில் முதலாண்டில் 60 பேர் சேர்ந்தார்கள். கடைசிப் பருவத் தேர்வு எழுதியவர்கள் 52. அரியர் இல்லாதவர்கள் 34. பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 30. ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் 27. இருபத்தேழை முப்பதால் வகுத்தால் 90. அதே இருபத்தேழை அறுபதால் வகுத்தால் 45. இன்னும் இரண்டு படி கீழே இறங்குங்கள். வேலையில் போய்ச் சேர்ந்தவர்கள் 19, ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் 13 என்றால், சேர்ந்த அறுபது பேரில் 22 விழுக்காடுதான் மிச்சம்.

இந்த எண்களில் எதுவும் பொய் கிடையாது. எதை எதால் வகுத்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. உங்கள் பதிவேட்டில் ஏழு எண்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒரே மாணவி மூன்று ஆஃபர் வாங்கியிருந்தால் ஒருவர் என்றே கணக்கு வையுங்கள். சம்பளத்தில் சராசரி எடுக்காமல் இடைநிலை எண்ணை எடுங்கள். எல்லாச் சம்பளத்தையும் ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதைப் பார்த்தால் போதும். ஒருவர் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குப் போய், மற்ற இருபது பேர் மாதம் பதினான்காயிரத்துக்குப் போனால் சராசரி உங்களையும் பெற்றோரையும் ஏமாற்றிவிடும். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். படிவமும் இடைநிலைச் சம்பளத்தைத்தான் கேட்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது ஐந்தாவது அளவுகோலின் கீழ் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்களுக்குச் சான்று கேட்பார்கள். பதிவேடு ஒழுங்காக இருந்தால் அந்த வாரத்தில் நீங்கள் தூங்க முடியும்.

இரண்டாவது மாதம்: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

பயிற்சிக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டதும் இதுதான்.

மூன்றாமாண்டு பி.காம். மாணவன் ஒருவன் ரெஸ்யூமே கொண்டுவந்து நீட்டினான். முன்அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். அவன் முகூர்த்த நாட்களில் வகுப்புக்கு வராதவன் என்பது எனக்குத் தெரியும்.

"சனி ஞாயிறு எங்கப்பா போறே?"

"கேட்டரிங் சார். பந்தி பரிமாற."

"எத்தனை பேர் போவீங்க?"

"நான்தான் சார் ஆள் எடுத்துட்டுப் போவேன். இருபத்தஞ்சு பசங்க. ஒரு பந்திக்கு இருநூறு இலை விழும். முதல் பந்தி எந்திரிக்கிறதுக்குள்ள ரசம் எவ்வளவு நிக்குதுன்னு பார்த்து மாஸ்டர்கிட்ட சொல்லிடணும் சார். சம்பளத்த நான்தான் வாங்கிப் பிரிச்சுக் குடுப்பேன்."

ஆள் சேர்ப்பது, நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது, கையிருப்பைக் கவனிப்பது, பணம் பட்டுவாடா செய்வது, கோபமாக வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிச் சமாளிப்பது எல்லாவற்றையும் அவன் செய்துகொண்டிருந்தான். அது அனுபவம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து எழுதிய வரி இது: 'இரண்டு ஆண்டுகளாகத் திருமண நிகழ்ச்சிகளில் 25 பேர் கொண்ட பரிமாறும் குழுவை ஒருங்கிணைத்து, ஊதியப் பட்டுவாடாவையும் கவனித்தேன்.' ஒரு சொல்கூட மிகையில்லை.

நம் வகுப்புகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுபவர்கள், கோழிப் பண்ணையில் முட்டைக் கணக்கு எழுதுபவர்கள், துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு நிற்பவர்கள், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள். பலர் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சொந்த வேலையைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். எனவே 'உனக்கு என்ன திறன் இருக்கிறது?' என்று படிவத்தில் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் 'ஹார்ட் வொர்க்' என்றுதான் எழுதுவார்கள். 'போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தாய்?' என்று கேளுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அறுபது பேர் என்றால் பத்து மணி நேரம். நான்கைந்து ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது மாதம்: பயிற்சிக்கு முன் ஒரு அளவு எடுங்கள்

முதல் ஆண்டில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை அழைத்தேன். ஐந்து நாள், முந்நூறு மாணவர்கள், கலையரங்கம், மைக். கடைசி நாளில் எல்லோருக்கும் சான்றிதழ். கருத்துப் படிவத்தில் மாணவர்கள் அள்ளிக் கொடுத்த மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். அடுத்த மாதம் நேர்காணலுக்கு வந்த அதிகாரி மதிய உணவின்போது மெதுவாகச் சொன்னார்: "சார், காலையிலேருந்து 'ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம்' பதினோரு தடவை கேட்டுட்டேன். அதுக்கு அடுத்து நான் கேட்ட கேள்விக்குத்தான் யாரும் வாய் திறக்கல." பிள்ளைகள் மேல் தவறில்லை. மனப்பாடம் செய்ய ஒரு பத்தியை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

கருத்துப் படிவம் பயிற்சி பிடித்ததா என்பதைச் சொல்லும். கற்றார்களா என்பதைச் சொல்லாது. அதற்கு வேலையின் ஒரு துண்டை எடுத்து மாணவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு முன்பு ஒரு முறை, சில மாதம் கழித்து அதே அளவு கடினமான வேறொன்றை இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அளவு.

பி.காம். என்றால் இருபது பில்களை ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். அதில் மூன்றில் வேண்டுமென்றே பிழை வையுங்கள். ஒன்றில் ஜி.எஸ்.டி. தவறாகக் கூட்டப்பட்டிருக்கட்டும், ஒன்றில் தேதி இல்லாமல் இருக்கட்டும், ஒரு பில் இரண்டு முறை வந்திருக்கட்டும். டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். வேகமாக ஏற்றி முடித்தவரைவிட, நடுவில் எழுந்து வந்து "சார், இந்தப் பில் ரெண்டு தடவை இருக்கு" என்று கேட்டவரைத்தான் ஆடிட்டர் அலுவலகம் தேடுகிறது. வேதியியல் மாணவருக்கு டைட்ரேஷன் அளவீட்டில் பொருந்தாத ஒரு எண்ணை வைத்து அறிக்கை எழுதச் சொல்லலாம்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு என்ன கொடுப்பது என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். இரண்டு பக்க அரசாணை ஒன்றைக் கொடுத்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும்படி எண்பது சொற்களில் எளிய தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிழை மலிந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் சுத்தமாகச் செய்பவர்களுக்குப் பதிப்பகத்திலும், விளம்பர நிறுவனத்திலும், செய்தித் தளங்களிலும் வேலை இருக்கிறது. தமிழ் படித்தால் ஆசிரியர் வேலை அல்லது டி.என்.பி.எஸ்.சி. மட்டும்தான் என்று நாமே அவர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்களைச் சுருக்கிவிட்டோம். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எல்லாத் துறைக்கும் பொதுவான ஒன்று, தொலைபேசி. பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆசிரியர் வாடிக்கையாளர் போலப் பேசட்டும். "போன வாரம் வந்த சரக்குல பாதி உடைஞ்சு கிடக்கு, என்ன கம்பெனி நடத்துறீங்க?" என்று சற்று கோபமாகவே கேட்கட்டும். மாணவரின் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பார்வைக்குத் தெரியும் செயல்களோடு கட்டுங்கள். திகைத்து நின்றால் சுழியம். பொறுமையாகக் கேட்டால் ஒன்று. பில் எண், தேதி கேட்டுக் குறித்துக்கொண்டால் இரண்டு. குறித்ததைத் திருப்பிச் சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பேன் என்றும் சொன்னால் மூன்று. 'தகவல் தொடர்புத் திறன்: நன்று' என்று எழுதினால் உங்களுக்கும் புரியாது, மாணவருக்கும் புரியாது. 'இரண்டு வாங்கியிருக்கிறாய், திரும்ப அழைக்கும் நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டாய்' என்றால் அடுத்த முறை செய்துவிடுவார்.

இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஒருவர் வேறு துறைக்காரராக இருப்பது நல்லது. நம் மாணவர் என்றால் நம் கை தாராளமாகும், அல்லது அவரது அரியர் நினைவுக்கு வந்து இறுகும். இருவரின் மதிப்பெண்ணும் ஒன்றுக்கு மேல் விலகினால் பதிவைச் சேர்ந்து கேட்டு முடிவெடுங்கள். இன்னொன்று, இந்தத் தேர்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக வையுங்கள். தமிழில் மூன்று வாங்கி ஆங்கிலத்தில் ஒன்று வாங்கும் மாணவிக்குத் தேவை ஆங்கிலப் பயிற்சி. அவளுக்குப் பேசத் தெரியாது என்று எழுதிவிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தவர்களாவோம்.

பயிற்சி: கலையரங்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

அளவெடுத்த பிறகு யாருக்கு என்ன தேவை என்பது தெரிந்துவிடும். முந்நூறு பேருக்கு ஒரே பயிற்சி தேவைப்படாது. ஆப்டிட்யூட் மட்டும் வேண்டியவர்கள், ஆங்கிலம் வேண்டியவர்கள், எக்செல் வேண்டியவர்கள் என்று இருபது இருபதாகப் பிரியுங்கள். மாக் இன்டர்வியூவை, அதாவது ஒத்திகை நேர்காணலை, மாதம் ஒரு முறை வைத்து, மாணவர்களையே கேள்வி கேட்பவர்களாகவும் உட்கார வையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை உட்கார்ந்தவர் இந்தப் பக்கம் வரும்போது பதற்றம் பாதியாகிவிடுகிறது.

அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் அதன் பயிற்சிகள் இப்போது கல்லூரிப் பருவங்களோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றை ஒப்புக்கு முடிக்காமல், மேலே சொன்ன வேலைத் துண்டுகளோடு இணைத்துவிடுங்கள். சான்றிதழ் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறிக்கலாம். அதைத் திறனின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது உண்மையான வேலையிடத்தில் கழியும் நாட்கள்தான். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நிறுவனங்கள் இருக்கின்றன, பஸ் பாடி கட்டும் கூடங்கள் இருக்கின்றன. நாமக்கல்லில் லாரி புக்கிங் அலுவலகங்களும் முட்டை வணிகமும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலும். இவர்களில் பலர் கேம்பஸ் இன்டர்வியூ நடத்த வர மாட்டார்கள். ஒரு இடத்துக்கு ஒரு ஆளோ இரண்டு ஆளோதான் தேவைப்படும். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். "உங்ககிட்ட புதுசா சேர்ற பையன் முதல் மாசத்துல எதுல தடுமாறுறான்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். நான் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து கற்றதைவிட அந்தப் பதில்களில் கற்றது அதிகம். ஒரு ஏற்றுமதி நிறுவன மேலாளர் சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க சார். தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்க. சாயங்காலம் பார்த்தா தப்பா முடிச்சு வச்சிருக்காங்க." அன்றிலிருந்து எங்கள் எல்லாப் பயிற்சியிலும் ஒரு கட்டளையை வேண்டுமென்றே குழப்பமாகச் சொல்கிறோம். யார் கையைத் தூக்கிக் கேட்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

பட்டம் முடித்தவர்களுக்குத் தொழில் பழகுநர் பயிற்சியும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. இதற்கான மத்திய அரசுத் திட்டமான நேட்ஸின் இணையதளத்தில் பதிய வேண்டும். தென் மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வதால் சிறு நிறுவனங்களும் ஆள் எடுக்கத் துணிகின்றன. இது நிரந்தர வேலை என்று மாணவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஓராண்டு அனுபவம் என்று சொல்லுங்கள், அதுவே நல்ல விஷயம்தான்.

ஆஃபர் வந்ததும் சரிபார்க்க வேண்டியவை

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த நிறுவனத்தை வளாகத்துக்குள் விடாதீர்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலும் அப்படியே. நிறுவனத்தின் பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்திலும், அதன் ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்திலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கையில் வரும் சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் எப்போது, இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பாண்டு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மாணவிகள் விஷயத்தில் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஆஃபர் வாங்கிய பிறகு போகாமல் விடுவது பெரும்பாலும் திறனால் நிகழ்வதில்லை, வீட்டில் அனுப்பாததால் நிகழ்கிறது. அதனால் கடைசிப் பருவம் தொடங்கும்போதே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சென்னையிலும் கோவையிலும் எங்கே தங்குவாள், ராத்திரி ஷிப்ட் என்றால் வண்டி வருமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். பதில் கையில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதிகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். ஏற்கெனவே அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தியை வரவழைத்து அம்மாக்களோடு அரை மணி நேரம் பேச வையுங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட அது எடுபடும்.

ஓராண்டு கழித்து: போன் போடுங்கள்

அளவிடுவதில் பெரும்பாலான கல்லூரிகள் விட்டுவிடும் இடம் இதுதான். பிரிட்டனில் முன்பு பட்டம் முடித்து ஆறு மாதத்தில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது சீக்கிரம் என்று உணர்ந்து, 2017-18இல் முடித்தவர்களிலிருந்து பதினைந்து மாதம் கழித்துக் கேட்கிறார்கள். வேலை இருக்கிறதா என்பதோடு, அந்த வேலை உனக்கு அர்த்தமுள்ளதாக இருக்கிறதா, படித்தது அதில் பயன்படுகிறதா என்றும் கேட்கிறார்கள். நாமும் ஆறாவது மாதம் ஒரு முறை, பதினைந்தாவது மாதம் ஒரு முறை கேட்கலாம்.

ஏற்பாட்டை மாணவர் கல்லூரியில் இருக்கும்போதே செய்ய வேண்டும். பையன்கள் சிம்மை மாற்றிவிடுவார்கள். அம்மாவின் எண்ணும், நெருங்கிய நண்பரின் எண்ணும் வாங்கி வையுங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதலில் கையெழுத்து வாங்குங்கள். அழைக்க நல்ல நேரம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல். திருப்பூரில் இருப்பவர்கள்கூட அப்போதுதான் எழுந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"வேலைக்குப் போறியா?" என்று கேட்டால் "சும்மாதான் சார் இருக்கேன்" என்று பதில் வரும். அப்பாவின் தறியை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பவரும் அப்படித்தான் சொல்வார், டி.என்.பி.எஸ்.சி.க்கு நூலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான் சொல்வார். அதனால் 'கடந்த ஏழு நாளில் என்ன செய்தாய்?' என்று கேளுங்கள். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும் வார நிலையைப் பற்றி இப்படித்தான் கேட்கிறது. ஆனால் அதில் வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையில் இருப்பவர் கணக்கில் வந்துவிடும். நமக்கு அது போதாது. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அதோடு மூன்று கேள்விகள்: சொன்ன சம்பளம் வருகிறதா? படித்ததில் எது உதவியது? நாங்கள் சொல்லித்தராமல் விட்டது எது?

அறுபது பேரை அழைத்து நாற்பத்தொரு பேர் எடுத்தார்கள் என்றால் அந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் போடுங்கள். எடுக்காத பத்தொன்பது பேரை மற்றவர்களைப் போலவே இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை அமையாதவர்கள்தான் ஆசிரியரின் எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார்கள். அவர்களுக்கு நண்பர் மூலம் ஒரு செய்தி அனுப்புங்கள். கணக்குக்காக அழைக்கவில்லை, பக்கத்தில் ஒரு இடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு உண்மையிலேயே ஒரு இடம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறொருவர் கைக்குப் போகும். எனக்குத்தான் எட்டு ஆண்டாக நீடித்திருக்கிறது. அதனால் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, ஒவ்வொரு மார்ச் மாதமும் நிறுவனத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: சொன்ன சம்பளத்தைக் கொடுத்தார்களா, பாண்டு வைத்தார்களா, ராத்திரி வண்டி அனுப்பினார்களா, நம் பிள்ளைகளில் யார் இப்போது அங்கே இருக்கிறார்கள். கணினியிலும் ஏற்றி வையுங்கள். ஆனால் பீரோ சாவியோடு கைமாறப்போவது அந்த நோட்டுதான்.